அப்பாவுக்கு ஒரு ஸான்

எங்கள் அம்மா வாயால் அப்பாவின் பெயரை நான் கேட்டதே இல்லை. ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் கேட்டால் என் விலாவில் ஓர் இடி விழும். நான்தான் சொல்ல வேண்டும். வள்ளலாரைக்கூட ‘வடலூர் சாமி’ என்பாரே தவிர, இராமலிங்க அடிகள் என்று வாய் தவறியும் வராது. அப்படிப் பொத்திப் பொத்திக் காத்த பெயரை, டோக்கியோவில் ஓர் அலுவலகமே காலை ஒன்பது மணிக்குக் கூவத் தொடங்கியது.

காரணம் என் பாஸ்போர்ட். சர்நேம் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், நம்மில் பலரைப் போல அப்பா பெயரை எழுதி வைத்திருந்தேன். ஜப்பானிலோ குடும்பப் பெயரோடு ‘ஸான்’ சேர்த்துத்தான் ஒருவரைக் கூப்பிடுவார்கள். அந்த மொழியில் ‘ல’ கிடையாது. சொல்லை மெய்யெழுத்தில் முடிக்க ‘ன்’ ஒன்றுக்குத்தான் அனுமதி. ஆகவே என் தகப்பனார் ‘ராமரிங்காமு-ஸான்’ ஆனார். எனக்கு வைத்த பெயரை யாருமே தொடவில்லை.

ஸான் நல்ல சொல். ஆணா பெண்ணா, கல்யாணம் ஆயிற்றா என்றெல்லாம் அது விசாரிப்பதில்லை. திருவா, திருமதியா, செல்வியா என்று நாம் படும் பாடு அங்கே இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: தன் பெயருக்குத் தானே போட்டுக்கொள்ளக் கூடாது. முதல் நாள் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, “நான் ராமரிங்காமு-ஸான்” என்றேன். அறை முழுக்கப் புன்னகை. என்ன செய்வது, அப்பா பெயரை மொட்டையாகச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஸானுக்கு மேல்படி ‘ஸாமா’. வாடிக்கையாளருக்கும் கடித உறைக்கும் அது. கடவுள் அங்கே ‘கமி-ஸாமா’, சாமிக்கே ஸாமா. வீட்டுக்குக் கிளம்புகிறவரிடம் சொல்லும் ‘ஓட்ஸுகரே-ஸாமா’வில் களைப்புக்குக்கூட ஒரு ஸாமா உண்டு. கீழே வந்தால் இளைஞருக்குக் ‘குன்’, குழந்தைக்குச் ‘சான்’. நம் வீட்டுப் பிள்ளைகள் டிவியில் பார்க்கும் சின்சான், ஷின்னோஸுகே என்ற பையனின் செல்லப் பெயர்தான். ஆனால் குன் என்றால் சின்னப் பையன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஜப்பான் நாடாளுமன்றத்தில் தலைவர் உறுப்பினர்களைக் குன் போட்டு அழைப்பதுதான் மரபு, எண்பது வயதுக்காரராக இருந்தாலும். 1993இல் கீழவையின் முதல் பெண் தலைவரான தகாகோ தோய் அம்மையார்தான் எல்லோரையும் ஸான் என்று கூப்பிட்டார்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டேன். தொலைபேசிதான் என்னைக் கவிழ்த்தது.

எங்கள் பிரிவுத் தலைவரை ‘தானாகா காச்சோ’ என்போம். காச்சோ பதவிப் பெயர், மரியாதையும் அதிலேயே அடக்கம். ஒருநாள் வாடிக்கையாளர் அழைத்து அவரைக் கேட்டார். “தானாகா காச்சோ அவர்கள் வெளியே எழுந்தருளியிருக்கிறார்கள்” என்கிற தோரணையில் பதில் சொன்னேன். பக்கத்து மேசைப் பெண்மணி முகம் வெளிறிப்போனார். வெளியாரிடம் பேசும்போது நம் அலுவலகம் முழுக்க நம் வீட்டு ஆட்களாம். அவர்களைத் தாழ்த்தி, கேட்பவரைத்தான் உயர்த்த வேண்டுமாம். ஸானும் கூடாது, காச்சோவும் கூடாது. வெறும் “தானாகா வெளியே போயிருக்கான்”!

அதிகாரியை மேனேஜர் ஸார் என்று அவர் முதுகுக்குப் பின்னால்கூடச் சொல்லிப் பழகிய பரம்பரை நம்முடையது. இரண்டு நாள் கண்ணாடி முன் நின்று பயிற்சி எடுத்தேன். மூன்றாம் நாள் மணி அடித்தது. பாய்ந்து எடுத்து, “தானாகா வெளியே போயிருக்கான்” என்று கம்பீரமாக முழங்கினேன். எதிர்முனையில் சின்ன மௌனம்.

பேசியது தானாகாவின் மனைவி.

குடும்பத்தாரிடம் பேசும்போது மட்டும் மரியாதையை மறுபடி ஒட்டிவிட வேண்டும் என்ற உபவிதியைப் பெண்மணி அதன் பிறகுதான் சொன்னார்.

அதிலிருந்து எல்லாவற்றுக்கும் ஸான் போடுவது என்று முடிவெடுத்தேன். அதற்கும் இடம் இருந்தது. ரொட்டிக் கடை ‘பான்யா-ஸான்’, பூக்கடை ‘ஹனாயா-ஸான்’, குழந்தைப் பாட்டில் யானை ‘ஸோ-ஸான்’. ஒஸாகா பக்கத்துப் பாட்டிமார் மிட்டாயைக்கூட ‘அமே-சான்’ என்று கொஞ்சுவார்கள். ஃபூஜி மலையையும் ஃபூஜி-ஸான் என்கிறார்களே, மலைக்கும் மரியாதை தரும் தேசம் என்று உருகி ஊருக்கெல்லாம் சொன்னேன். அந்த ஸானுக்கு மலை என்று பொருளாம். எழுத்தே வேறு.

பிறகு ஒரு கல்யாண அழைப்பிதழ் வந்தது, பதில் அட்டையோடு. அனுப்ப வேண்டிய முகவரியில் அழைத்தவர்கள் பெயருக்குக் கீழே ‘யுகி’ என்ற எழுத்து அச்சாகியிருக்கும். ‘இன்னாருக்கு’ என்பது போல வெறும் பொருள், மரியாதை கிடையாது. தங்கள் பெயருக்குத் தாங்களே ஸாமா அச்சடிக்க முடியுமா? நாம் அதன் மேல் இரண்டு கோடு கிழித்து, பக்கத்தில் ஸாமா எழுத வேண்டும். அட்டையின் பின்பக்கம் ‘தங்கள் வருகை’, ‘தங்கள் முகவரி’, ‘தங்கள் நறுமணப் பெயர்’ என்று அவர்கள் நமக்குத் தந்த மரியாதைகள் வரிசையாக இருக்கும். அத்தனையையும் நாமே கோடு போட்டு அடிக்க வேண்டும். முடித்துப் பார்த்தால், எட்டாம் வகுப்பில் தமிழையா திருத்திக் கொடுத்த என் கட்டுரை நோட்டு அப்படியே கண் முன் நின்றது. ‘நறுமண’த்தை அடித்துவிட்டு, மிஞ்சிய ‘பெயர்’ என்ற இடத்தில் அப்பாவை எழுதினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு வீடியோ காலில் இருந்தபோது, அறை நண்பர் உள்ளேயிருந்து “ராமரிங்காமு-ஸான்!” என்று குரல் கொடுத்தார். அம்மா சட்டென்று எழுந்து நின்றார்.

“யாருடா அது, உங்கப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுறது?”

“என்னைத்தாம்மா.”

“உனக்கு நான் வேற பேர்தானே வெச்சேன்?”

போன வசந்தத்தில் அம்மாவும் அப்பாவும் செர்ரிப்பூ பார்க்க வந்தார்கள். விடுதி வரவேற்பறையில் பாஸ்போர்ட்டுகளைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். இங்கே தன் பெயரைத் தானே காதால் கேட்கப் போகிறோம் என்று அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அவர் பாஸ்போர்ட்டின் சர்நேம் கட்டத்தில் இருப்பது அவருடைய அப்பாவின் பெயர் என்பது எங்கள் யாருக்கும் நினைவில்லை.

“அய்யாசாமி-ஸாமா!” என்று குனிந்து வணங்கி அழைத்தாள் வரவேற்பறைப் பெண்.

தாத்தா இறந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அப்பா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.