டெங்கு மாமா

எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்குக் காலிங்பெல் அடித்தால் பால்காரர் இல்லை, பேப்பர்காரர் இல்லை. டெங்கு மாமா. பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும், யாரும் கேட்டதில்லை. ரேஷன் கார்டுப்படி இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவர் கணக்கில் 37: முதல் வீட்டுத் தூளிக் குழந்தையிலிருந்து கடைசி வீட்டு எட்டாம் வகுப்பு வரை.

"ஒரே நிமிஷம் சார்" என்று நேரே கொல்லைப்புறம் போவார். கையில் செல்போன் டார்ச், சட்டைப் பையில் காலி ஜாம் பாட்டில். பூந்தொட்டித் தட்டு, உடைந்த பக்கெட், கொட்டாங்குச்சி எதுவும் தப்பாது. முதல் தடவை வந்தபோது எங்கள் ஃப்ரிட்ஜை நகர்த்தி, பின்னாலிருந்து ஒரு தண்ணீர்த் தட்டை உருவினார். வாங்கி ஒன்பது வருஷம். அங்கே தட்டு இருப்பதே எனக்குத் தெரியாது. பாட்டிலில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தார். கமா கமாவாக ஏதோ துள்ளியது.

"உங்க வீட்டுப் பிள்ளைங்கதான் சார். ரெண்டு நாள்ல றெக்கை முளைச்சிரும்."

முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள். அதனால்தான் வாராவாரம் இந்தத் தரிசனம். டெங்கு சாக்கடைக் கொசுவின் வேலை என்று நான் நினைத்திருந்தேன். "இல்ல சார், இது நல்ல தண்ணியிலதான் முட்டை போடும், பகல்லதான் கடிக்கும். டீசன்ட்டான கொசு" என்றார், ஏதோ சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல.

சொட்டு மருந்து நாள் வந்தால் மனிதருக்குத் தீபாவளி. எதிர்வீட்டுப் பாட்டி, பேரனுக்குச் சளி என்று போர்வைக்குள் ஒளித்துவைத்திருந்தாள்.

"லேசான சளிக்கெல்லாம் தடையில்லம்மா."

"போலியோதான் ஒழிஞ்சுபோச்சாமே?"

"2014லயே நமக்குச் சர்டிபிகேட் குடுத்துட்டாங்க. ஆனா பாகிஸ்தான்ல இன்னும் இருக்கே."

"பாகிஸ்தான் எங்கே, பல்லாவரம் எங்கே!"

பாட்டி கேட்டதும் நியாயம்தான். ஆனால் கால் மணி நேரத்தில் பேரன் இடது சுண்டுவிரலில் மையோடு, ஓட்டுப் போட்டவன் தோரணையில் திரும்பினான். பிப்ரவரி 10-ம் ஆகஸ்ட் 10-ம் இன்னும் மோசம். பள்ளியில் குடற்புழு நீக்க மாத்திரை தரும் நாட்கள். சாயங்காலம் தெருமுனையில் நின்று, "மென்னு முழுங்கினியா?" என்று ஒவ்வொரு வாயாகத் திறந்து பார்ப்பார். பிறந்தநாளுக்கு அழைத்தால் பளபள காகிதத்தில் சுற்றிப் பரிசு தருவார். என் மகனிடம் இப்போது நாலு நெயில் கட்டர் இருக்கிறது.

சிரிக்கிறோமே தவிர, அவர் செல் நம்பர் எல்லாருக்கும் மனப்பாடம். போன மழைக்காலத்தில் பையனுக்கு வயிற்றுப்போக்கு. ஓஆர்எஸ் பொட்டலத்தில் பாதியை என் மனைவி டம்ளரில் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தாள். ராத்திரி பத்து மணிக்குக் கைலியோடு வந்தவர் அதை வாங்கிக் கீழே ஊற்றினார். "இது ஒரு லிட்டர் பொட்டலம்மா. மொத்தமா ஒரு லிட்டர்லதான் கரைக்கணும்." லிட்டர் பாட்டிலும் புதுப் பொட்டலமும் அவரே கொண்டுவந்திருந்தார்.

சொந்த வீட்டில் மட்டும் அவர் பாச்சா பலிக்காது. அவர் மகள் தன் சிப்ஸ் பாக்கெட்டுகளை எங்கள் அலமாரியில்தான் பத்திரப்படுத்துகிறாள். லாக்கர் வாடகை, எனக்கு ஒரு கைப்பிடி. காட்டிக்கொடுப்பேனா?

நேற்று அவர் வரவில்லை, ஊருக்குப் போயிருந்தார். அப்பாடா என்று காப்பியோடு உட்கார்ந்தேன். 7 மணி. காலிங்பெல். வாசலில் அரை டிராயர் பட்டாளம், முன்னால் நின்ற பொடியன் கையில் அதே ஜாம் பாட்டில். "ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடிடா" என்று வழிகாட்டியவன் என் மகன்.

நான் தட்டைக் கொட்டவில்லை என்பதை அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். உங்கள் ஃப்ரிட்ஜையும் ஒரு தடவை நகர்த்திப் பாருங்கள். தட்டு இருக்கும்.