நூறு யென்னும் முக்கால் ரூபாய் பாக்கியும்

நிஷிகசாய், டோக்கியோ
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே மூவரும் நலம். உங்கள் முட்டிவலியும் சித்தியின் சர்க்கரையும் எந்த அளவில் இருக்கின்றன என்று எழுதவும். போன வாரம் போனில், "ஜப்பான்ல காசு ரோட்டுலயா கெடக்குது? ஊருக்கு வர்ற நெனப்பே இல்லையேடா?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி போனைப் பிடுங்கி ஊறுகாய் வந்து சேர்ந்ததா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஊறுகாய் வந்தது. உங்கள் கேள்விக்குப் பதில்: ஆமாம் சித்தப்பா, ரோட்டில்தான் கிடக்கிறது. என் கண்ணாலேயே பார்த்தேன். அதைக் குனிந்து எடுத்ததால் என்ன ஆனது என்பதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் கதை விடுகிறான் என்பீர்கள். எழுத்தில் இருந்தால் டீக்கடையில் நாலு பேரிடம் காட்டலாம்.

முப்பது வருஷம் தோளில் பையைப் போட்டுக்கொண்டு மேலூர் டவுன் பஸ்ஸில் சில்லறை ராஜ்யம் நடத்தியவர் நீங்கள். "சில்லறை இருந்தா ஏறு, இல்லைன்னா எறங்கு" என்ற உங்கள் குரலுக்கு டிரைவரே பயப்படுவார். அதனால் முதலில் இந்த ஊர்ச் சில்லறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

இங்கே காசு ஆறு வகை: 1, 5, 10, 50, 100, 500 யென். நோட்டு ஆயிரத்தில்தான் தொடங்குகிறது. ஆகவே ஒரு 500 யென் காசு நம்மூர்க் கணக்கில் 300 ரூபாயைத் தொடும். வந்த புதிதில் எனக்கு இது உறைக்கவே இல்லை. காசு என்றால் சில்லறை, சில்லறை என்றால் அலட்சியம் என்று வளர்ந்த ரத்தம். கால்சட்டைப் பையில் கனத்ததையெல்லாம் மேஜை இழுப்பறையில் கொட்டிவிட்டு, மாசக் கடைசியில் கையில் பணமில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் இழுப்பறை திறக்காமல் மக்கர் பண்ணியது. உலுக்கித் திறந்து எண்ணிப் பார்த்தால் பாதி வாடகை உள்ளே!

5 யென்னுக்கும் 50 யென்னுக்கும் நடுவில் ஓட்டை உண்டு. உடனே உங்களுக்கு அப்பத்தாவின் ஓட்டைக் காலணா ஞாபகம் வந்திருக்கும். யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் விட்டதாகச் சொல்லி, சுருக்குப் பைக்குள் தனி முடிச்சாக வைத்திருந்தாரே, அதேதான். இந்த 5 யென் பித்தளைக் காசில் நெற்கதிர் போட்டிருக்கிறது, ஓட்டையைச் சுற்றிப் பல்சக்கரம். ஆனால் 5 என்ற எண் எங்கேயும் இல்லை. அவர்கள் எழுத்தில்தான் எழுதியிருக்கும். முதல் மாதம் முழுக்க அது என்ன காசு என்றே தெரியாமல் செலவழித்தேன். அதன் பெயரைச் சொன்னால் 'கோஎன்' என்று வரும். 'உறவு', 'பந்தம்' என்பதற்கும் அவர்கள் மொழியில் அதே ஓசை. அதனால் கோயிலுக்குப் போனால் உண்டியலில் அந்தக் காசைத் தேடிப் போடுகிறார்கள். நம் மொய்க்கு ஒரு ரூபாய் சேர்த்து வைக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1 யென் அலுமினியம். நம் பழைய பத்து பைசாவை நினைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பூ மாதிரி வளைவு மட்டும் கிடையாது. எடை மிகச் சரியாக ஒரு கிராம். தண்ணீரில் பதமாகப் படுக்க வைத்தால் மிதக்கும். பாப்பா தினமும் குளியல் தொட்டியில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள்.

இந்த ஒற்றை யென்னுக்கு மதிப்பு வந்தது வரியால். 1989 ஏப்ரலில் முதன்முதலாக 3 சதவீத விற்பனை வரி போட்டார்கள். விலைகள் எல்லாம் ஒற்றை யென்களில் முடிய ஆரம்பித்தன, அரசாங்கம் ஒற்றை யென்னை அச்சடித்துத் தள்ளியது. இப்போது வரி 10, வீட்டுக்கு வாங்கிப் போகிற சாப்பாட்டுக்கு 8. நான் வாங்குகிற சோற்றுப் பொட்டலம் 475 யென், வரியோடு 513. ஆயிரம் கொடுத்தால் மீதி 487. அதற்குக் குறைந்தது பதினோரு காசு தர வேண்டும். தருகிறார்கள் சித்தப்பா! நம் மளிகைக் கடையில் மீதிச் சில்லறைக்கு ரெண்டு மிட்டாயைக் கையில் திணிப்பார்களே, அந்தப் பேச்சே இல்லை. கடைசி ஒற்றை யென்னையும் எண்ணி, ரசீதோடு, ஏதோ பிரசாதம் தருவது போல இரண்டு கையாலும் நீட்டுகிறார்கள். ஒரு யென்னுக்கு இடுப்பு வளைத்து ஒரு கும்பிடு வேறு. உங்கள் பஸ்ஸில் ஏறிய ஜனம் இதைப் பார்த்தால் கண்ணீர் விட்டு அழும்.

ஆனால் உள்ளூர்க்காரர்கள் 1,000 கொடுப்பதில்லை. 1,013 கொடுக்கிறார்கள். ஒரே ஒரு 500 காசு திரும்பி வருகிறது. "பதிமூணு ரூவா டிக்கெட்டுக்கு மூணு ரூவா சில்லறை குடு, பத்தா தாரேன்" என்று நீங்கள் தொண்டை வறளக் கத்துவீர்களே, அதை இங்கே ஒவ்வொரு பாட்டியும் தானாகவே செய்கிறாள். தனிப் பர்ஸைத் திறந்து, கண்ணாடியை மாட்டி, ஒவ்வொன்றாகத் தேடி, அதற்கென்றே வைத்த சின்னத் தட்டில் அடுக்குகிறாள். பின்னால் பத்துப் பேர் வரிசையில். ஒருவர்கூட 'ச்சு' கொட்டவில்லை. நான் மட்டும் மனசுக்குள் கொட்டிக்கொள்வேன்.

இவர்களைப் பார்த்து எனக்கும் சேமிக்கும் ஆசை வந்தது. எல்லாப் பொருளும் நூறு யென்னுக்கு விற்கிற கடைகளில் தகர உண்டியல் கிடைக்கும். திறக்க வழியே கிடையாது, நிறைந்தால் டப்பா வெட்டுகிற கத்தியால்தான் வெட்டி எடுக்க வேண்டும். "500 யென் காசாகப் போட்டு நிரப்பினால் 3 லட்சம்" என்று மேலேயே எழுதியிருக்கும். அதாவது 600 காசு, நாலு கிலோவுக்கு மேல் எடை. உங்கள் மருமகள் அதில் மாதம் நாலு காசு போட்டு வருகிறாள். நான் போட்ட கணக்குப்படி பன்னிரண்டரை வருஷத்தில் நிறையும். அதற்குள் பாப்பாவுக்குக் கல்யாண வயசு வந்துவிடும்.

எனக்கு அந்த அளவு பொறுமை இல்லை. ஒற்றை யென்னை மட்டும் ஒரு ஊறுகாய் ஜாடியில் சேர்த்தேன். எண்ணவே வேண்டாம், சமையலறைத் தராசில் வைத்தால் போதும். ஜாடியைக் கழித்து 640 கிராம், அதாவது 640 யென். மளிகை சாமான் மாதிரி பணத்தை நிறுத்துப் பார்க்கிற சுகம் இருக்கிறதே, அதை அனுபவித்தால்தான் தெரியும். ஜாடியைத் தூக்கிக்கொண்டு கணக்கு வைத்திருக்கிற வங்கிக்குப் போனேன். அந்தப் பெண் புன்னகை மாறாமல் ஒரு அட்டையை நீட்டினாள். காசு எண்ணுகிற கட்டணம், ஜாடியில் இருந்த மொத்தப் பணத்தைவிட அதிகம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று அப்பத்தா சொன்னது டோக்கியோவில்தான் முழுசாகப் புரிந்தது. நான் ஒருவன் மட்டும் அகப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். 2022 ஜனவரியில் தபால் வங்கியும் இப்படிக் கட்டணம் கொண்டு வந்தபோது, உண்டியல் காசை என்ன செய்வது என்று கோயில்களே கையைப் பிசைந்தன. இயந்திரத்தில் ஒரே ஒரு காசு போட்டாலும் 110 யென் என்று அப்போது வைத்தார்கள். ஒரு யென் சேமிக்க 110 யென்!

சரி, கடையிலேயே கொடுத்துத் தீர்க்கலாம் என்றால் அதற்கும் சட்டம். ஒரே வகைக் காசு இருபதுக்கு மேல் கொடுத்தால் கடைக்காரர் வாங்க மறுக்கலாம். நம் ஊரில் இப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால், திருவிழா மறுநாள் உண்டியல் சில்லறையோடு பஸ் ஏறுகிறவர்களிடம் நீங்கள் எவ்வளவு சந்தோஷமாகப் பேசியிருப்பீர்கள்! இப்போது ஜாடியை வாரத்துக்கு இருபது காசாகக் கரைத்து வருகிறேன். முப்பத்திரண்டு வாரம் ஆகும்.

இனி ரோட்டில் கிடந்த காசுக்கு வருகிறேன்.

ஏப்ரலில் ஒருநாள் சாயங்காலம் பாப்பாவோடு வந்துகொண்டிருந்தேன். குளிர்பான இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு 100 யென் காசு பளபளவென்று கிடந்தது. நம் கைக்கு வழக்கம் தெரியுமே, பாப்பா பார்ப்பதற்குள் குனிந்து எடுத்துவிட்டேன். அவள் பார்த்துவிட்டாள்.

"அப்பா, அது நம்ம காசு இல்ல."

"சாமி உண்டியல்ல போட்டுடலாம்டா."

"சாமி காசும் இல்ல. யாரோ தொலைச்சது. கோபனுக்குப் போகணும்."

கோபன் என்றால் தெருமுனைப் போலீஸ் பூத். இங்கே பிள்ளைகளுக்குச் சின்ன வயசிலேயே இதைப் பழக்கிவிடுகிறார்கள். சித்தப்பா, நம் வம்சத்தில் போலீஸ் ஸ்டேஷன் படியைத் தானாக மிதித்த முதல் ஆள் நான்தான். அதுவும் அம்பது, அறுபது ரூபாய்க்கு!

உள்ளே இளவயசுப் போலீஸ்காரர் ஒருவர். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். பாப்பாவின் உயரத்துக்கு மண்டியிட்டு உட்கார்ந்து நன்றி சொன்னார். பிறகு படிவத்தை எடுத்தார். எந்த இடம், எத்தனை மணி, காசு எந்தப் பக்கம் கிடந்தது, யார் முதலில் பார்த்தது? (இந்தக் கேள்விக்கு எங்களுக்குள் சின்ன வாக்குவாதம்.) முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் என்னிடம் திரும்பி, மூன்று மாதத்துக்குள் உரிமையாளர் வரவில்லை என்றால் பணத்தை நீங்கள் பெற்றுக்கொள்ள விரும்புகிறீர்களா என்று கேட்டார். வந்துவிட்டால் 5 முதல் 20 சதவீதம் வரை வெகுமதி கேட்கவும் சட்டத்தில் இடமுண்டாம். அதாவது அஞ்சு யென்னிலிருந்து இருபது யென் வரை. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம், மரியாதையாகவும் இருந்திருக்கும். ஆனால் உங்கள் ரத்தம் விடவில்லை. "வேண்டும்" என்றேன். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. ரசீது கொடுத்தார்.

இது விளையாட்டில்லை சித்தப்பா. 2022-இல் மட்டும் டோக்கியோ போலீஸிடம் இப்படி வந்து சேர்ந்த ரொக்கம் ஏறக்குறைய 400 கோடி யென். அந்தக் கோடிகளுக்கு நடுவே எங்கள் நூறும் ஒரு எண்ணோடு பத்திரமாக இருந்தது.

மூன்று மாதம் ஆயிற்று. யாரும் வரவில்லை. காசு எங்களுடையது. ஆனால் அடுத்த இரண்டு மாதத்துக்குள் போய் வாங்காவிட்டால் அது அரசாங்கத்துக்குப் போய்விடும். வாங்க வேண்டிய இடம் ஈதபாஷியில் இருக்கிற தொலைந்த பொருள் மையம். வார நாளில் மட்டும்தான் திறந்திருக்கும். ரயிலில் போக ஒரு வழிக்கே இருநூறு யென்னுக்கு மேல். அந்தச் சுண்டைக்காய் மறுபடியும் எதிரே வந்து நின்றது.

"நூறு யென்னுக்கு அரை நாள் லீவு போடப் போறீங்களா?" என்றாள் உங்கள் மருமகள்.

பாப்பா ரசீதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுக்கிறவள். போனோம். அவளுக்கு அரை டிக்கெட். கூண்டுக்குப் பின்னால் இருந்தவர் ரசீதைச் சரிபார்த்து, கையெழுத்து வாங்கி, ஒரு 100 யென் காசை இரண்டு கையாலும் நீட்டினார். அதே காசுதானா என்று பாப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளியே வந்ததும் அவளுக்குத் தாகம். பக்கத்திலேயே குளிர்பான இயந்திரம், பாட்டில் 160 யென். "இந்தக் காசைப் போடலாமா?" என்று கேட்டேன். என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கோபன்காரரே பரவாயில்லை. என் காசிலேயே வாங்கிக் கொடுத்தேன்.

திரும்பி வருகிற ரயிலில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், 1994-இல் நடந்ததை அவளுக்குச் சொன்னேன். மேலூர் பஸ்ஸில் ஒண்ணேகால் ரூபாய் டிக்கெட்டுக்கு நான் இரண்டு ரூபாய் கொடுத்ததும், சொந்த அண்ணன் மகன் என்றும் பார்க்காமல் டிக்கெட் முதுகில் '75 பை.' என்று எழுதி, "எறங்கறப்ப வாங்கிக்க" என்று நீங்கள் சொன்னதும், நான் இறங்குவதற்குள் விசில் ஊதி வண்டியைக் கிளப்பியதும். அந்த டிக்கெட் இன்னும் என் பழைய ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது.

அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டு எழுதியிருக்கிறாள். தமிழ் எழுத்து கொஞ்சம் கோணல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். 'பொருள்: 75 பைசா. உரிமையாளர்: அப்பா. வைத்திருப்பவர்: சின்னத் தாத்தா. இடம்: பஸ்.' 25 பைசா 2011 ஜூன் 30 முதல் செல்லாமல் போய்விட்டது என்று சொல்லிப் பார்த்தேன். 50 பைசா இன்னும் செல்லும்தானே, அதையாவது தரட்டும் என்கிறாள்.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் உங்கள் கையெழுத்து வேண்டுமாம். தபால் செலவு என்னுடையது.

சித்திக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்