செயலமர்வு இணைப்பாளர்

ஒரு தொழில் தெரிந்தவரையும் அதைப் பழக வந்தவரையும் ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்து, இருவருக்கும் நடுவில் ஒலிவாங்கியோடு நிற்பவரே செயலமர்வு இணைப்பாளர். இலங்கையின் மலைநாடு முழுவதும் இவரைக் காணலாம். ஊவா மாகாணத்தில் இவரின் இருப்பிடம் பதுளை அல்லது பண்டாரவளை. நடமாட்டம் பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுல, பூனாகலை, கொஸ்லாந்தைத் தோட்டங்கள். வாகனம் மோட்டார் சைக்கிள். பெரும்பாலும் லயத்தில் பிறந்து, படித்து, நகரத்துக்கு இறங்கியவர். தோட்டத்துப் பெரியவர்கள் இவரைக் 'கோடினேட்டர் தம்பி' என்பார்கள், இளையவர்கள் 'சேர்' என்பார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட அம்மா ஒருவரே மிச்சம். தோள்பைக்குள் வரவுப் பதிவேடும், போன செயலமர்வில் மிஞ்சிய பேனாக்களும் எப்போதும் இருக்கும்.

இவ்வினம் முன்பே இருந்ததுதான், 2023இல் பெருகியது. தென்னிந்தியத் தொழிலாளர் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கியதாகக் கொள்ளப்படும் 1823ஐ வைத்து, 'மலையகம் 200' என்று நினைவுகூரப்பட்ட ஆண்டு அது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தே போனார்கள். இணைப்பாளர் மண்டபம் தேடினார். 'பாரம்பரியம்' என்ற சொல் தலைப்பில் இருந்தால் முன்மொழிவு மேசையில் தூங்காது என்பதை அந்த ஆண்டில்தான் அவர் கண்டுகொண்டார்.

திட்டம் பிறக்கும் இடம் கைபேசி. மேல்நாட்டில் நடக்கும் கிதார் செய்முறை முகாமொன்றின் காணொளி இரவு பதினொரு மணிக்கு அவர் கண்ணில் படும். பத்துப் பேர் பழகுகிறார்கள், இரண்டு ஆசான்மார் பழக்குகிறார்கள். பலகை இழைத்து, விலாவைச் சூட்டில் வளைத்து, உள்ளே தாங்குசட்டம் ஒட்டி, கடைசியில் ஒவ்வொருவரும் தாம் செய்த கிதாரோடு வீடு போகிறார்கள். காலையில் முன்மொழிவு தயார். பிறகுதான் விசாரணை தொடங்கும். கிதாரின் மேற்பலகைக்கு வேண்டிய ஸ்புரூஸ் குளிர்நாட்டு மரம்; தோட்டத்தில் நிற்பதோ தேயிலைக்கு நிழல் தரும் சபுக்கு. ஆறு இரும்புத் தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ பாரத்துக்கு இழுக்கும். அதற்கு ஈடுகொடுக்கும் பெட்டியைப் புதியவர் செய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். நிதி கொடுப்பவர் ஒதுக்குவதோ இரண்டு நாள், பகல் சாப்பாட்டோடு. ஆகவே கிதார் என்று வந்த இடமெல்லாம் தப்பு என்று திருத்தப்படும். பாதீட்டில் தந்திக்கான தொகை மட்டும் சில வேளை கண்ணில் படாமல் தங்கிவிடும்.

தப்பு என்னும் பறை மலையகத்துக்குப் புதியதல்ல. ஒரு காலத்தில் விடியுமுன் லயங்களை எழுப்பி, வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்கு அனுப்பியது அதன் ஓசைதான். மாசியில் காமன்கூத்துக்கும், கோயில் திருவிழாவுக்கும், சாவுக்கும் வெவ்வேறு அடி உண்டு. ஓரடிக்குச் சற்றுக் கூடிய விட்டத்தில் மரச்சட்டம், ஒரு பக்கம் மாட்டுத்தோல், கையில் இரண்டு குச்சிகள், ஒன்று தடித்துக் குட்டை, மற்றது மெலிந்து நீளம்; கருவி இவ்வளவுதான். செய்வதில்தான் வித்தை இருக்கிறது. வளைவாக அறுத்த மரத்துண்டுகளைத் தகடு அடித்து வட்டமாக்க வேண்டும். தமிழ்நாட்டில் வேம்பு எடுப்பார்கள். தேயிலை மலையில் வேம்பு அரிது, பலா கைகொடுக்கும். தோலை ஊறவைத்து, மயிரும் சவ்வும் போகச் சுரண்டி, புளியங்கொட்டைப் பசை தடவி, சட்டத்தின்மேல் இழுத்து ஒட்டிக் கட்ட வேண்டும். அப்புறம் காயவிட வேண்டும்.

காயவிடும் இந்தக் கட்டத்தைத்தான் இணைப்பாளரின் நாட்காட்டி மறந்துவிடும். ஊவாவில் ஆடி, ஆவணி மாதங்களில் மலையிலிருந்து வறண்ட காற்று இறங்கும். அந்தக் காற்றால்தான் ஊவாத் தேயிலைக்கு அந்த மணம். தோல் காய்வதற்கும் அதைவிட நல்ல காலம் இல்லை. ஆனால் நிதியாண்டு முடிவது டிசம்பர் 31இல். ஆடியில் அனுப்பிய முன்மொழிவுக்கு ஐப்பசியில் பதில் வரும். மிச்சப் பணத்தை மார்கழிக்குள் முடிக்க வேண்டும். பதுளை மாவட்டத்தில் மழை கொட்டுவதும், பாதையோரம் மண்சரிவு எச்சரிக்கை தொங்குவதும் அதே மாதங்களில்தான். ஆண்டுதோறும் தோல் நனைகிறது, ஆண்டுதோறும் அறிக்கையில் 'சீரற்ற காலநிலை' என்று எழுதப்படுகிறது.

நாளையும் சும்மா குறிக்க முடியாது. வேலை நாளில் வைத்தால் வருகிறவருக்குப் பேர் விழாது. நாட்சம்பளத்தை விட்டுவிட்டுப் பாரம்பரியம் பழக யாரும் வரமாட்டார்கள். எனவே போயா விடுமுறை தெரிவாகும். போயாவன்று நாடெங்கும் இறைச்சிக் கடைக்குப் பூட்டு. தோல் வேண்டும் என்பது முந்தின நாள் மாலைதான் நினைவுக்கு வரும். அன்றிரவு பதுளை நகரத்தில் கடைகடையாக ஏறி இறங்குவதை இணைப்பாளர் 'களப்பணி' என்று குறித்துக்கொள்வார்.

அடுத்தது வளவாளர். தொலைவிலிருந்து வருகிறவரே வளவாளர் என்பது இணைப்பாளரின் உறுதியான கொள்கை. கொழும்பிலிருந்து வருபவர் சிறந்தவர், சென்னையிலிருந்து வருபவர் அதனினும் சிறந்தவர், இணையவழியில் வருபவருக்குச் சாப்பாட்டுச் செலவு இல்லை. 1924இல் பதுளைக்கு எட்டிய புகையிரதப் பாதையில் கொழும்பிலிருந்து வர ஒன்பது, பத்து மணி நேரம் பிடிக்கும். வளவாளர் எல்லவில் இறங்கி ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம் எடுத்துக்கொண்டால் இன்னும் கூடும். அந்த இடைவெளியில் கூட்டத்தை ஆற்றியிருத்த இணைப்பாளர் ஓர் ஏற்பாடு செய்திருப்பார்: பணிய லயத்துக் கடைசிக் காம்பராத் தாத்தா, தப்போடு. பாட்டன் காலத்திலிருந்து தப்புக் கட்டி அடித்து வரும் குடும்பம் அவருடையது. அவரை அழைத்திருப்பது பழக்குவதற்கு அன்று, வளவாளரை வாசலிலிருந்து மேடைவரை அடித்து அழைத்து வருவதற்கு.

தொடக்க விழா குறித்த நேரத்துக்கு ஒன்றரை மணி பிந்தி, வாசிகசாலையில் நடக்கும். மங்கள விளக்கு, மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, ரோல்ஸ், தேநீர். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்ததை ஒருவர் நினைவூட்டுவார். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறையிசைக்காக 2025இல் பத்மஸ்ரீ கிடைத்ததை இணைப்பாளர் பெருமையோடு சொல்வார். தப்பு எல்லோருக்கும் சொந்தமான கலை என்று அனைவரும் ஒருமுகமாகக் கூறுவார்கள். சாவு வீட்டில் அடிக்கும்போது மட்டும் அது ஏன் ஒரு சாதிக்குச் சொந்தமாகிறது, தாத்தாவின் பேரன் ஏன் அதைத் தொடக் கூசிக் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போனான் என்ற கேள்விகளுக்கு நிகழ்ச்சி நிரலில் நேரம் இராது.

பகல் பன்னிரண்டுக்குச் செய்முறை தொடங்கும். வளவாளர் திரையில் ஒலி அலைகளைக் காட்டுவார், மின்சாரம் போகும், திரையும் போகும். பழக வந்தவர்கள் ஒவ்வொருவராக இஸ்தோப்புக்கு நகர்வார்கள். அங்கே தாத்தா ஈரத்தோலை விரலால் சுண்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். "தம்பி, இது இன்னும் பச்ச. இப்ப கட்டுனா நாளைக்கே தொங்கிப் போயிரும்." யாரும் கேட்காமலே அவர் கொட்டையை வறுக்கச் சொல்வார், அரைக்கச் சொல்வார், பசையைத் தொட்டுப் பதம் காட்டுவார், தோலை எதிரெதிர்ப் பக்கமாக இழுக்கச் சொல்லிக் கை மேல் ஓர் அடியும் வைப்பார். குழைந்திருந்த தம் தப்பைத் தீயில் காட்டி ஈரம் போக்கி, ஓசை ஏறுவதைக் கேட்கவைப்பார். ஒலி அலை பற்றி வளவாளர் சொல்லவந்ததும் அதுதான். நல்ல வளவாளராக இருந்தால் அவரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார். இணைப்பாளர் இதையெல்லாம் படம் எடுப்பார், பதாகை தெரியும்படி.

இணைப்பாளரால் பயனே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. தோட்டத் துரையிடம் அனுமதி வாங்கியவர் அவர். இரவெல்லாம் அலைந்து தோல் கொண்டுவந்தவர் அவர். தொழிற்சங்கங்களின் பெயரால் முகம் பார்க்காத இளைஞர்களை ஒரே அடுப்பைச் சுற்றி உட்காரவைத்தவரும் அவரே. செய்ததில் நாலு தப்பாவது தேறி, மாசியில் காமன் ஊன்றும்போது ஓசை எழுப்பும். அது அறிக்கையில் வராது; அறிக்கை மார்கழியிலேயே போய்விட்டது.

இரண்டாம் நாள் மாலை சான்றிதழ் வழங்கப்படும். தப்பு காயாதவருக்கும் சான்றிதழ் காய்ந்தே கிடைக்கும். பிறகு கணக்கு. வளவாளர் கொடுப்பனவுப் படிவத்தில் கல்வித் தகைமை என்றொரு கட்டம் உண்டு. அதில் தாத்தாவைப் பற்றி எழுத இணைப்பாளருக்கு ஒன்றும் தோன்றாது. ஆகவே அவருக்குரிய தொகை 'ஏனைய செலவுகள்' என்ற தலைப்பில், சிற்றுண்டிக்குக் கீழே, வாழைமரத்துக்கு மேலே சேர்க்கப்படும். கூட்டுத்தொகை சரியாக வந்ததும் செயலமர்வு இனிதே நிறைவுற்றதாகக் கொள்ளப்படும்.