வெளிச்சம் சரியில்லை

ஞாயிற்றுக்கிழமை என்பது மனிதன் தூங்குவதற்கென்றே ஏற்பட்டது என்னும் சர்வஜன சம்மதமான கொள்கையை அடியோடு நிராகரித்து, ஊர் அடங்கிக் கிடக்கும் இருட்டில் தம் மைவி காரின் பின்கதவைத் திறந்து, மூன்று கால் ஸ்டாண்டையும், இரண்டு பைகளையும், மழைக்கு ஒரு குடையையும், வெயிலுக்கு ஒரு தொப்பியையும் பரம சிரத்தையுடன் அடுக்கி வைக்கிற ஒருவரைத் தெலுக் பங்லிமா காராங்கில் கண்டால், அவர் ஊரைவிட்டு ஓடுகிறவரும் அல்லர், கல்யாண வீட்டுக்குச் சமைக்கப் போகிறவரும் அல்லர். அவர்தாம் கேமரா அண்ணன். வாரத்தில் ஐந்து நாள் தொழிற்பேட்டைக் கிடங்கு ஒன்றில் அட்டைப் பெட்டிகளை எண்ணிக் கையெழுத்துப் போடுவது அவருடைய ஜீவனோபாயம். மீதி இரண்டு நாளில்தான் அவர் வாழ்கிறார். அல்லது, அவருடைய மனைவியின் அபிப்பிராயப்படி, அந்த இரண்டு நாளில்தான் வீட்டில் உள்ளவர்களின் உயிரை வாங்குகிறார்.

அவருடைய சமயத்தில் தெய்வம் சூரியன் ஒருவனே. அவனும் உதித்த முதல் ஒரு மணி நேரமும் அஸ்தமிக்குமுன் கடைசி ஒரு மணி நேரமும் மட்டுமே தரிசனத்துக்கு உரியவன். நடுவில் உள்ள பகல் முழுவதும் தீட்டு. இந்த விஷயத்தில் அரசாங்கம் அவருக்கு ஒரு மகத்தான உபகாரம் செய்திருக்கிறது. 1982 ஜனவரி முதல் தேதியன்று மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரங்களையெல்லாம் அரை மணி முன்னே தள்ளி, சபா சரவாக்குடன் ஒரே நேரமாக்கினார்கள் அல்லவா, அதன் பலனாக இங்கே கதிரவன் ஆண்டு முழுவதும் ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில்தான் கண் விழிக்கிறான். இவ்வளவு சாவகாசமாக எழுந்திருக்கும் சூரியனைப் பிடிப்பதற்கு நாலரை மணிக்கே எழுவானேன் என்று கேட்டால், இடம் பிடிக்க வேண்டும் என்பார். யாரும் வராத சதுப்பு நிலத்தில் யாருடன் போட்டியிட்டு இடம் பிடிக்கிறார் என்று கேட்பது நாகரிகமாகாது. எல்லா ஆயத்தமும் முடிந்து அவர் கண்ணை இடுக்கிக் கிழக்கே பார்க்கும்போது, அங்கே அநேகமாகச் சாம்பல் நிறத்தில் ஒரு மேகம் கால் நீட்டிப் படுத்திருக்கும். "சே, வெளிச்சம் சரியில்லை" என்பார். இந்த வாக்கியம் அவருக்கு மூல மந்திரம். விருந்து எப்படி என்று கேட்டாலும், சம்பள உயர்வு கிடைத்ததா என்று கேட்டாலும், முதலில் ஜன்னலைப் பார்த்து இதைத்தான் சொல்வார்.

அவருடைய இல்லத்தின் கூடத்தில், வேறு வீடுகளில் சுவாமி படம் இருக்கக்கூடிய மூலையில், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. டிரை காபினட் என்று பெயர். உஷ்ணமும் ஈரமும் கலந்த இந்த நாட்டுக் காற்றில் லென்ஸின் உட்புறத்தில் காளான் பூத்து வலைபோலப் படரும் என்பதால், காற்றின் ஈரத்தை ஐம்பது சதவிகிதத்துக்குக் கீழே அடக்கி வைக்கும் பெட்டி அது. மின்சாரம் தடைப்பட்டால் குளிர்பெட்டியில் உள்ள மீனைப் பற்றி அவர் கவலைப்படுவதில்லை. இந்தப் பெட்டியின் பச்சை எண்கள் அணைந்ததைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். சமையலறையில் உப்பு கரைகிறது, முறுக்கு நமுத்துப் போகிறது, அப்பளம் துணிபோல் துவண்டு கிடக்கிறது. அடுத்த அறையில் ஜப்பானியக் கண்ணாடிகள் மட்டும் பாலைவனத்துச் சுகவாசம் அனுபவிக்கின்றன. இதைப் பல வருஷம் பார்த்துப் பொறுத்த அவருடைய மனைவியார் ஒருநாள், "என்னங்க, அந்தப் பெட்டியில கீழ்த்தட்டு சும்மாதானே கெடக்கு?" என்று கேட்டார். அவர் கேள்வியின் உட்பொருளை உணராமல் "ஆமாம்" என்று சொல்லிவிட்டார். மறுவாரம் கேரித் தீவில் லென்ஸை எடுத்து மாட்டியபோது, அந்த வனாந்தரத்தில் பெருங்காய வாசனை கமழ்ந்தது. வாக்குவாதம் சில நாள் நடந்து, அப்பளம் மூடி போட்ட டப்பாவில் இருக்கலாம், வடகத்துக்கு அனுமதி இல்லை என்று உடன்படிக்கை ஆயிற்று. ஒன்று சொல்ல வேண்டும்: அந்த வீட்டில் பொரிக்கிற அப்பளத்தின் மொறுமொறுப்பை நான் கிள்ளான் வட்டாரத்தில் வேறெங்கும் கண்டதில்லை. கலையினால் குடும்பத்துக்கு விளைந்த பிரத்தியட்சமான பயன் இது ஒன்றுதான்.

கேரித் தீவு என்றேன். ஊரிலிருந்து லங்காட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய தூரம் செம்பனைதான். எட்வர்ட் வாலன்டைன் கேரி என்ற வெள்ளைக்காரத் துரையின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கும் அந்தத் தீவில், முகமூடிகள் செதுக்குவதில் கீர்த்தி பெற்ற மா மெரி பழங்குடியினர் வசிக்கிறார்கள். தோட்டங்களில் நம்மவர்களும் தலைமுறை தலைமுறையாக உழைத்திருக்கிறார்கள். அண்ணன் அங்கே போவது கூகைக்காக. செம்பனைக் குலைகளைக் கடித்துத் தின்னும் எலிகளை ஒழிப்பதற்கு விஷத்தைவிடக் கூகை மேலானது என்று கண்டு, மலேசியத் தோட்டங்களில் உயரமான கம்பங்களின் மேல் மரப்பெட்டிகளைப் பொருத்தி அதற்குக் குடித்தனம் அமைத்துக் கொடுக்கிறார்கள். அப்படி ஒரு பெட்டிக்கு எதிரே, சாயங்காலம் ஸ்டாண்டை ஊன்றி, உடம்பெல்லாம் கொசுவுக்குத் தானம் செய்துகொண்டு அவர் மௌனமாக நிற்பதைக் கண்ட மண்டோர் எனப்படும் தோட்டத்துக் கங்காணி ஒருவர், மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"அண்ணே, நிலம் அளக்க வந்தீங்களா?"

"இல்லண்ணே. படம் எடுக்கிறேன்."

"மறைக்காதீங்கண்ணே. தோட்டத்த வித்துட்டாங்களா? வீடு கட்டப் போறாங்களா?"

"ஐயோ, கூகை வரும்னு நிக்கிறேன்."

மண்டோர் நம்பவில்லை. மூன்று கால் ஸ்டாண்டுடன் தோட்டத்துக்குள் புகுந்தவன் எவனும் நல்ல செய்தி கொண்டு வந்ததில்லை என்பது அவருடைய ஆயுள்கால அனுபவம். அவர் லயத்துக்குத் திரும்பி என்ன சொன்னாரோ, சிறிது நேரத்துக்கெல்லாம் நாலைந்து பேர் வந்து சூழ்ந்துகொண்டு, கைமாறப் போவது எத்தனை ஏக்கர், ஆளுக்கு என்ன நஷ்ட ஈடு என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். இந்தக் கூட்டத்தைப் பெட்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த கூகை, தன் வெண்ணிற முகத்தை ஒரு தரம் காட்டிவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டது. அந்த ஒரு க்ஷணத்தில் கிடைத்த படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் வாசலுக்கு நேரே மாட்டினார். அவருடைய மாமியார் வந்து பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போனார்.

இத்தகைய பித்தர்களுக்கு நம் இனத்தில் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரான மா. கிருஷ்ணன் (1912-1996), பல பாகங்களைத் தாமே ஒன்றாகப் பொருத்தி அமைத்துக்கொண்ட ஒரு பூதாகாரமான கேமராவைத் தூக்கிக்கொண்டு காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துக் குவித்தார்; அந்தக் கேமராவுக்கு "சூப்பர் பாண்டரோசா" என்று நாமகரணமும் செய்திருந்தார். கிருஷ்ணனுக்கும் நம் அண்ணனுக்கும் உள்ள வித்தியாசம், அவர் யானையை அறிந்த பிறகு படம் எடுத்தார். அண்ணன் படம் எடுத்த பிறகு அது என்ன பறவை என்று பிறரைக் கேட்கிறார். ஆனாலும் நியாயம் பேச வேண்டும். என் வீட்டுக்குப் பின்னால் ஓடும் லோங்கான் என்னும் வடிகாலில் தினந்தோறும் ஒரு குருகு வந்து, நகரும் தண்ணீரில் நகராமல் நின்று, மீன் பிடிக்கிறது என்பது அந்த வீட்டில் பல்லாண்டு குடியிருக்கும் எனக்கு அவர் காட்டித்தான் தெரிந்தது. மின்கம்பியில் உட்காரும் வெண்மார்பு மீன்கொத்தியின் முதுகு எப்படிப்பட்ட நீலம் என்பதையும் அவர் சொல்லித்தான் பார்த்தேன். அவர் அதைப் படம் எடுப்பதில்லை. கம்பி குறுக்கே வருகிறதாம்.

கோல சிலாங்கூர் மெலாவாத்திக் குன்றில் சாம்பல் நிறத் தாய்க் குரங்கின் மடியில் செம்பொன் நிறக் குட்டி இருக்கும் அதிசயத்தை எடுக்கப் போய், வேறு ஜாதிக் குரங்கு ஒன்றிடம் லென்ஸ் மூடியைப் பறிகொடுத்தார். அன்றிரவே கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னுவதைப் பதிவு செய்யப் புறப்பட்டார். அங்கே ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. ஆடும் படகில் ஆடாத ஸ்டாண்டை நிறுத்தி, அரை நிமிஷம் கேமராவின் கண்ணைத் திறந்து வைத்ததில், பூச்சிகளெல்லாம் கோடு கோடாக இழுபட்டு, டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டு போல ஒரு சித்திரம் விழுந்தது. "இது நவீன கலை" என்றார். படகோட்டி ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது.

பட்டணப் பிரவேசம் வேறு வகை. காட்டில் அசையாத பொருள்களுக்காகக் காத்திருப்பவர், கோலாலம்பூரில் அசையும் பொருள்களை அசையாதிருக்கச் சொல்கிறார். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் முனையில் 1909-இல் எழுந்த ஜாமெக் மசூதியை, மழைநீர் தேங்கிய குழியில் தலைகீழாகப் பிடிக்க வேண்டும் என்று நடைபாதையில் குப்புறப் படுப்பார். மயக்கம் போட்டு விழுந்துவிட்டார் என்று இரக்கமுள்ள யாராவது மினரல் தண்ணீர் வாங்கி வருவார்கள். 452 மீட்டர் உயரமுள்ள இரட்டைக் கோபுரத்தை ஒரே சட்டத்துக்குள் அடக்குவதற்கென்று, குழந்தைகளின் கல்விச் சேமிப்பில் கை வைத்து அகலக் கோண லென்ஸ் ஒன்று வாங்கினார். அந்தக் கடன் தீருவதற்குள் மெர்டேக்கா 118 என்று 679 மீட்டரில் இன்னொன்றைக் கட்டிவிட்டார்கள். தம்மைக் கலந்துகொள்ளாமல் செய்யப்பட்ட காரியமாகவே அதை அவர் கருதுகிறார். பத்துமலையின் 272 படிகளுக்கு 2018-இல் வானவில்லின் வர்ணங்களையெல்லாம் பூசி, உலகமே வந்து அதைப் படம் எடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து, அங்கே அவர் கறுப்பு வெள்ளையில்தான் எடுக்கிறார்.

அவருடைய கலைக்கு உண்மையான சோதனை பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் நேர்ந்தது. துன் சம்பந்தன் சாலையில் மல்லிகைச் சரங்களுக்கு நடுவே, நாருக்கும் விரலுக்கும் பேதம் தெரியாத வேகத்தில் மாலை கட்டிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியைக் கண்டு அவர் கேமராவை உயர்த்தினார்.

"கொஞ்சம் இரு தம்பி. தலையைச் சீவிக்கிறேன்."

"வேணாம்மா. அப்படியே இருங்க. என்னைப் பார்க்காதீங்க, பூவைப் பாருங்க."

"பூவை நான் அறுபது வருஷமா பார்த்துக்கிட்டுதான்யா இருக்கேன். உன்னைப் பார்த்தாத்தானே படம்?"

அந்த அம்மாள் கூந்தலைச் சரிசெய்து, முந்தானையை இழுத்து விட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்து, நேரே பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்பு. அண்ணன் மரியாதைக்குப் பொத்தானை அழுத்துவதுபோல் பாவனை செய்துவிட்டு, அவர் மறுபடி வேலைக்குத் திரும்பிய பிறகு விரல்களை மட்டும் எடுத்தார். பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "என் படம் எங்கய்யா?" என்ற கேள்வி பூக்கூடைக்குப் பின்னாலிருந்து வருகிறது. "அனுப்புறேம்மா" என்று சொல்லிக்கொண்டே அவர் எதிர்ச் சாரிக்கு மாறிவிடுகிறார்.

இரவு நேரங்களில் கணினியின் முன் அமர்ந்து, வெளுத்த வானத்தில் மேகங்களை ஒட்டுவார். இது மோசடி அல்லவா என்று கேட்டேன். சட்டென்று சரித்திரத்தை எடுத்து வீசினார். 1858-இல் மதுரையையும் தஞ்சையையும் எடுத்தவரும், பெரிய கோயிலின் அடிப்பீடத்துக் கல்வெட்டை 21 துண்டுகளாகப் பிடித்து 19 அடி நீளப் படமாக இணைத்தவருமான லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவத் துரை, வெறும் வானம் பிடிக்காமல் நெகடிவிலேயே தூரிகையால் மேகம் தீட்டியவர்தாம் என்றார். செய்தி உண்மை. ஆனால் டிரைப் தீட்டிய மேகம் அந்த ஊர் வானத்துக்குப் பொருந்தியது. அண்ணனின் பந்திங் சாலைக்கு மேலே சுவிட்சர்லாந்து மேகம் மிதக்கிறது.

இவ்வளவு படமும் எங்கே போகிறது என்றால், ஹார்டு டிஸ்க் என்னும் பாதாள அறைக்குப் போகிறது. ஊரில் அவர் எடுக்காத கல்யாணம் இல்லை. எந்த வீட்டுக்கும் ஒரு படம் வந்து சேர்ந்ததும் இல்லை. வந்தாலும் தாலி கட்டும் வேளையில் குத்துவிளக்கின் சுடரும், மணமகள் காதோரத்து ஜிமிக்கியும், வாழை இலை விளிம்பில் ஒரு நீர்த்துளியும் இருக்கும். மாப்பிள்ளை பின்னணியில் மங்கலாக, யாராகவும் இருக்கக்கூடிய நிலையில் காணப்படுவார்.

சமீபத்தில் கிள்ளானில் அவருடைய அத்தை காலமானார். எண்பதைத் தாண்டிய மனுஷி. அண்ணனிடம் அபார வாத்சல்யம் உள்ளவர். அண்ணன் எத்தனை தரம் கேமராவைத் தூக்கினாலும் அலுக்காமல் உட்கார்ந்து கொடுத்தவர். மறுநாள் பத்திரிகையில் அஞ்சலி போட வேண்டும், நல்ல படம் ஒன்று அனுப்பு என்று அத்தை மகன் இரவே கூப்பிட்டுச் சொன்னார். அண்ணன் விடிய விடியத் தேடினார். அத்தை முறுக்குப் பிழியும் கை இருந்தது. ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே கன்னங்கரேலென்ற அத்தையின் நிழலுருவம் இருந்தது. நரைத்த கொண்டை, தேய்ந்த செருப்பு, வெற்றிலைப் பெட்டியின் மேல் ஐந்து விரல்கள் எல்லாம் இருந்தன. முகம் மட்டும் இல்லை. கடைசியில் ஐசி என்னும் அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் போட்டார்கள்.

மறுநாள் துக்க வீட்டில் அந்தப் பத்திரிகை கைமாறிக் கைமாறி அண்ணனிடம் வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சற்று நேரம் பார்த்தார். "தலைக்கு மேல இவ்வளவு இடம் விட்டிருக்கக் கூடாது" என்றார், பிறகு, "வெளிச்சமும் நேரா மூஞ்சியில அடிச்சிருக்கு."

அத்தை மகன் எழுந்து வந்து அவர் தோளில் கை போட்டு வாசலுக்கு அழைத்துப் போனார். "மச்சான், பதினாறாம் நாள் கருமக்கிரியைக்கு நீ கட்டாயம் வரணும். கேமராவ மட்டும் வீட்டுல வெச்சிட்டு வா."

அண்ணன் சொன்ன சொல் தவறவில்லை. பெரிய கேமராவை வீட்டில் வைத்துவிட்டு, சின்னதை எடுத்துக்கொண்டு போனார்.