டர்போ லாரியும் டமடம சைலன்சரும்

கேள்வி: லோடு ஏற்றினால் என் பிஎஸ்-6 லாரி மேட்டில் திணறுகிறது. பெரிய ஏர் ஃபில்டரும் நேர்க்குழாய் சைலன்சரும் போட்டால் ‘பிக்கப்’ கூடுமா?
– லாரி உரிமையாளர், அழகர்கோவில்

பதில்: சத்தம் கூடும். அதற்கு நான் கேரண்டி!

டீசல் இன்ஜினின் பலம், அது எரிக்கும் டீசலில் இருக்கிறது. டீசலைக் கூட்டாமல் காற்றை மட்டும் கூட்டுவது, பந்தியில் இலையை மட்டும் பெரிதாகப் போடுவது மாதிரி.

சைலன்சர் விஷயத்துக்கு வருவோம். உங்கள் வண்டியில் இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவைச் சுழற்றுவதே புகைதான். அதனால் டர்போவுக்கு முன்னால் இருக்கும் குழாயை அகலப்படுத்தினால் புகையின் வேகம் குறைந்து, டர்போ இன்னும் தாமதமாகத்தான் விழிக்கும். பின்னால் இருக்கும் குழாயை அகலப்படுத்தினால் கொஞ்சம் லாபம் உண்டு. ஆனால் பிஎஸ்-6 வண்டியில் அங்கேதான் புகை வடிகட்டியும் யூரியா தெளிக்கும் அமைப்பும் உட்கார்ந்திருக்கின்றன. கழற்றினால் சென்சார் கோள் சொல்லும், கம்ப்யூட்டர் இன்ஜின் சக்தியைக் குறைத்துவிடும். பிக்கப் கேட்டவருக்குப் பிரேக் கிடைக்கும்!

முதலில் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, இன்டர்கூலர் ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே காற்று கசிந்தாலே பாதி திணறலுக்குக் காரணம் கிடைத்துவிடும். ‘நிறைய காற்று விடும்’ மலிவு ஃபில்டர் நம்மூர்ப் புழுதியையும் தாராளமாக விடும். அது டர்போவின் இறக்கைகளை அரித்துவிடும்.

அப்புறம் அந்த லோடு... எத்தனை டன் என்று நீங்கள் எழுதவே இல்லையே?