ஒம்பது நாளுக்கு ஏழு ஊருங்களா, மாப்பிள்ளை?

அந்தப் பேப்பரை இப்படிக் குடுங்க மாப்பிள்ளை. அம்மிணி, என்ற கண்ணாடிய எடுத்துட்டு வா. அடடா, என்னமாக் கட்டம் போட்டிருக்கீங்க! பச்சை ஒண்ணு, மஞ்சள் ஒண்ணு, ரோஸ் ஒண்ணு. எங்க லாரி ஆபீசுக் கணக்குப்பிள்ளை உசுரோட இருந்திருந்தா உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பான். லண்டன், பாரீஸ், ஆம்ஸ்டர்டாம், பார்சிலோனா, இன்டர்லாக்கன், வெனிஸ், ரோம். 9 நாள்ல 7 ஊரு. ஒரே ஒரு சந்தேகமுங்க. இதுல நீங்க ரெண்டு பேரும் எப்பப் பல்லு வெளக்குவீங்க? அதுக்குக் கட்டத்தைக் காணோமே.

சிரிக்காத அம்மிணி. மாப்பிள்ளை கோவிச்சுக்கப் போறாரு. நான் சங்ககிரில லாரி ஏறுனவன். எட்டாவது தாண்டல. ஐரோப்பாவைப் பத்தி எனக்கென்ன தெரியும்? ஆனா ஒண்ணு தெரியும்ங்க. லாரிக்காரனைக் கெடுக்கறது ஓடற நேரம் இல்ல. ஏத்தற நேரம், எறக்கற நேரம், தார்ப்பாய் கட்டற நேரம், செக்போஸ்ட்ல நிக்கற நேரம். புதுசா வண்டி வாங்கினவன் கிலோமீட்டரை மட்டும் கணக்குப் போட்டு வாடகை பேசுவான். ஆறு மாசத்துல வண்டிய வித்துடுவான்.

இந்தாங்க, பாரீஸ்ல இருந்து ஆம்ஸ்டர்டாம், 3 மணி 20 நிமிசம்னு எழுதியிருக்கீங்க. ரயிலு அவ்வளவுதான் எடுக்கும், பொய் இல்ல. ஆனா ரயிலு உங்க கட்டில்ல இருந்தா கெளம்புது? வெடியால எந்திரிச்சுப் பெட்டி கட்டோணும். அம்மிணி பெட்டி கட்டறதை நீங்க கல்யாணத்துக்குப் பொறவுதான் பாக்கறீங்க, நான் பொறந்ததுல இருந்து பாக்கறேன். அதுக்கு ஒரு மணி நேரம். பொறவு மெட்ரோ. பாரீஸ்ல பெரிய ரயிலு ஸ்டேசன் ஒண்ணு இல்ல, ஏழெட்டு இருக்குது. ஆம்ஸ்டர்டாம் வண்டி கார் து நோர்ல, தெக்க போற வண்டி கார் து லியோன்ல. மாத்திப் போயிட்டா வண்டிக்கு டாட்டா காட்டலாம். அரை மணி முன்னாலயே போய் நிக்கோணும். அங்க எறங்கி, டிராம் ஏறி, ஓட்டலுக்குப் போனா, ரூம் மூணு மணிக்குத்தான்னு சொல்லுவான். ஓட்டல்ல முகங் கழுவி வெளிய வர்றப்ப பொழுது சாஞ்சிருக்கும். விமானம்னா இன்னும் மோசமுங்க. ரெண்டு மணி நேரம் பறக்கறதுக்கு ஆறு மணி நேரம் தரையில நிப்பீங்க.

ஒரு தடவை ஊரு மாறினா அரை நாள் போச்சுன்னு வைங்க. 9 நாள்ல போற நாளு ஒண்ணு, வர்ற நாளு ஒண்ணு கழிஞ்சுது. மிச்சம் 7. ஏழு ஊருன்னா ஆறு தடவை மாறோணும், அதுக்கு 3 நாளு. மிச்சம் 4. நாலு நாள்ல ஏழு ஊரு. ஊருக்கு அரை நாளுங்க. அதுலயும் தூங்கோணும், சாப்பிடோணும், அம்மிணி போட்டோ எடுக்கோணும்.

அதுவும் வரிசைய பாருங்க. பாரீஸ்ல இருந்து மேல ஆம்ஸ்டர்டாமுக்கு, ஆம்ஸ்டர்டாம்ல இருந்து கீழ பார்சிலோனாவுக்கு, மறுபடி மேல இன்டர்லாக்கனுக்கு. ஏன்னா டிக்கெட்டு மலிவா? சங்ககிரில ஏத்தின லோடைச் சேலத்துல எறக்க, தூத்துக்குடி வழியாப் போற டிரைவரை நான் அன்னிக்கே வேலைய விட்டு அனுப்பியிருப்பேன். உங்களை அனுப்ப முடியாது, பேத்தி மாப்பிள்ளையாப் போயிட்டீங்க.

மலிவு டிக்கெட்டு இன்னொண்ணும் செய்யும். பாரீஸ்னு போட்டிருப்பான், எறங்கினா பொவேங்கற ஊரு. பாரீசுக்கு அங்கிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல. பெருந்துறைல எறக்கிவிட்டுட்டு இதுதான் கோயமுத்தூருன்னு சொல்ற மாதிரி. பஸ்ஸுல ஒண்ணேகால் மணி நேரம், அதுக்குத் தனிக் காசு. பெட்டிக்கும் தனிக் காசு. கூட்டிப் பாத்தா ரயிலே தேவலைன்னு தோணும், ஆனா அப்ப காசு கட்டியாச்சே.

நான் கண்டதைச் சொல்றேன் கேளுங்க. உன்ற மாமன் அம்மிணி, என்னையும் அம்மாயியையும் ஒரு டூர் கம்பெனில சேத்து அனுப்பினான் இல்ல? கம்பெனி பேரு எதுக்கு, பாவம், அவங்களும் பொழைக்கோணும். 8 நாள், 6 தேசம். நாங்க பாத்தது முக்கால்வாசி பஸ் கண்ணாடிதான். ஜெர்மனில பெரிய ரோட்டோரமா நிறுத்துவான். கக்கூஸ் வாசல்ல ஒரு ஈரோ போட்டாத்தான் கேட்டு தொறக்கும். போட்டா ஒரு சீட்டு வரும், அதைப் பக்கத்துக் கடைல குடுத்தா அந்தக் காசைக் கழிச்சுக்குவான். அம்மாயி அந்தச் சீட்டை ஏழு சேத்து பீரோவுல வெச்சிருக்கா. நாங்க ஜெர்மனி பாத்ததுக்கு அத்தாட்சி அதுதான்.

அந்த பஸ் டிரைவர் எனக்கு நல்ல சிநேகிதமாயிட்டான். அவன் பாசை எனக்குத் தெரியாது, என்ற பாசை அவனுக்குத் தெரியாது, ஆனா ஸ்டியரிங் புடிச்ச கைய ரெண்டு பேரும் பாத்துக்கிட்டோம். அங்க டிரைவருக்கு ஒரு சட்டம் வெச்சிருக்கான் மாப்பிள்ளை. நாலரை மணி நேரம் ஓட்டினா முக்கா மணி நேரம் நிறுத்தியே ஆகோணும். ஒரு நாளைக்கு 9 மணி நேரம். வாரத்துல ரெண்டே நாள் 10 வரைக்கும் போலாம். வண்டிக்குள்ள ஒரு பொட்டி அத்தனையும் எழுதி வெச்சுக்குது, போலீசு நிறுத்திப் பாக்கலாம். அட, எங்க காலத்துல அது இருந்திருந்தா என்ற முதுகு இப்படி ஆகியிருக்குமா! ஆக அந்த பஸ்ஸுல 45 பேரு. ஓய்வு எடுத்தது டிரைவர் ஒருத்தன். மிச்சப் பேரைக் காப்பாத்த சட்டம் இல்ல. உங்க பேப்பருக்கும் அந்தப் பொட்டி ஒண்ணு மாட்டோணும்.

சரி, அடுத்த கட்டத்துக்கு வாங்க. செவ்வாய்க்கிழமை, பாரீஸ், லூவ்ர் மியூசியம். அருமை. செவ்வாய்க்கிழமை லூவ்ர் பூட்டு. வெளிய இருக்கற கண்ணாடிக் கோபுரத்தைப் பாத்துட்டு வாங்க. ரோம் என்னிக்கு? ஞாயித்துக்கிழமையா? வாத்திகன் மியூசியமும் ஞாயித்துக்கிழமை பூட்டு, மாசக் கடைசி ஞாயிறு மட்டும் தொறப்பான், அன்னிக்கு இனாம், ஊரே வரிசைல நிக்கும். ஆம்ஸ்டர்டாம்ல ஆன் பிராங்க்குங்கற புள்ள ஒளிஞ்சிருந்த வீட்டைப் போட்டிருக்கீங்க. அதுக்கு ஒவ்வொரு செவ்வாயும், ஆறு வாரம் தள்ளி வர்ற டிக்கெட்டை விடறான். போய் வாசல்ல நின்னு வாங்கிக்கலாம்னா வாசலைத்தான் பாக்கலாம். கட்டத்துக்குக் கலர் அடிக்கறதுக்கு முன்னால கெழமைய பாத்திருக்கலாமுங்க.

லண்டனை அடிங்க. அதுக்குத் தனி விசா. மத்த ஊருக்கெல்லாம் ஷெங்கன் விசா ஒண்ணு போதும், சுவிஸ் உட்பட. எந்தத் தேசத்துல அதிக நாள் தங்கறீங்களோ அந்தத் தேசத்துக்கிட்ட கேக்கோணும். 30,000 ஈரோவுக்குக் குறையாத இன்சூரன்சு வேணும். பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாலயே குடுக்கலாம், 15 நாளைக்கு உள்ளாற போய் நின்னா வாங்க மாட்டான். இதை நான் சொல்லி நீங்க கேக்கற நெலமை வந்துருச்சு பாருங்க.

சுவிஸையும் அடிங்க. இன்டர்லாக்கன்ல இருந்து ஏறற யுங்ஃப்ராயோக் 3,454 மீட்டர் உசரம்; மேகம் மூடிட்டா அத்தனை காசு குடுத்து வெள்ளை வேட்டிய மூஞ்சில கட்டின மாதிரித்தான் இருக்கும். மேல கேமரா வெச்சிருக்கான், வெடியால போன்ல பாத்துட்டுத்தான் ஏறோணும். பாத்து, இன்னிக்கு வேண்டாம், நாளைக்குப் போலாம்னு சொல்றதுக்கு நாளைன்னு ஒண்ணு வேணுமில்ல? அரை நாள்காரன் எப்படிச் சொல்லுவான்?

மாடு மேய்க்கறவனைப் பாத்திருக்கீங்களா? ஒரு கட்டுத்தறிய அடிச்சுட்டு நாலு பக்கமும் மேய விடுவான். மேயற எடத்துக்கெல்லாம் கட்டுத்தறியத் தூக்கிட்டுப் போக மாட்டான். இத்தாலிய மட்டும் வெச்சுக்கங்க. வெனிஸ்ல எறங்குங்க, ரோம்ல இருந்து கெளம்புங்க. போற ஊரு ஒண்ணு, திரும்பற ஊரு ஒண்ணுன்னு ஒரே டிக்கெட்டாப் போடலாம். எறங்கின எடத்துக்கே திரும்பி வர்ற ஒரு நாள் மிச்சம். வெனிஸ்ல இருந்து பிளாரன்ஸ் ரெண்டேகால் மணி நேரம், அங்கிருந்து ரோம் ஒண்ணரை மணி நேரம். வெனிஸ்ல ரெண்டு ராத்திரி, பிளாரன்ஸ்ல ரெண்டு, ரோம்ல மூணு. பிளாரன்ஸ்ல இருந்து பீசா கோபுரத்தைப் பாத்துட்டுப் பொழுதோட அதே படுக்கைக்கு வந்துடலாம், பெட்டியத் தொட வேண்டாம். ரோம்ல இருந்து நேப்பிள்ஸும் வேக ரயில்ல ஒண்ணேகால் மணி நேரத்துக்குள்ளதான், தெம்பிருந்தா பாம்பெய்.

பெட்டின்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. வெனிஸ்ல நானூறு பாலத்துக்கு மேல, முக்காலும் படிக்கட்டு. சக்கரம் வெச்ச பெரிய பெட்டி அங்க உதவாது. கல்யாணத்துக்கு நாங்க வாங்கிக் குடுத்ததுதான், அதுக்காகத் தூக்கிட்டுப் போகோணும்னு இல்ல.

மாப்பிள்ளை பேனாவ எடுத்துட்டாரு பாரு அம்மிணி. நல்ல மனுசன். பார்சிலோனாவ அடிக்கறப்ப மொகம் வாடுது. விடுங்க, அது அங்கயேதான் இருக்கும், அங்க ஒரு சர்ச்சையே நூறு வருசத்துக்கு மேலாக் கட்டிட்டு இருக்காங்க, நீங்க எதுக்கு அவசரப்படறீங்க?

வெனிஸ்ல ஒரு வேலை செய்யுங்க. அந்த டூர்ல எங்களுக்கு அங்க ரெண்டு மணி நேரம். அம்மாயி தண்ணிக்கிட்டப் படில சித்த நேரம் உக்காரோணும்னா. உக்காந்தா, செருப்பைக் கழட்டினா, அந்நேரம் கைடு கொடியத் தூக்கிட்டான். நீங்க போனா எந்தப் படியாவது பாத்து உக்காந்து அவளுக்கு ஒரு போன் போடுங்க. மே மாசத்துல அங்க மத்தியானம் ரெண்டுன்னா இங்க அஞ்சரை. மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு அவ திண்ணைக்கு வர்ற நேரம்.