ஏழாம் பொருத்தம்

டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் கம்பெனி, ரத்தத்தை உறைய வைக்கும் ஏழாம் காரணியை வெள்ளெலிக் குட்டியின் சிறுநீரக செல்களில் வளர்த்தெடுத்து, நோவோசெவன் என்று பெயர் சூட்டியது. வழக்கமான மருந்தை உடம்பு ஏற்க மறுக்கும் ஹீமோஃபீலியா நோயாளிகளுக்கென்று 1999-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அந்த வேலையை மருந்து ஒழுங்காகத்தான் செய்தது.

அதே ஆண்டு லான்செட் இதழில் ஒரு செய்தி. இஸ்ரேலில் குண்டடிபட்ட சிப்பாய் ஒருவருக்கு, டாக்டர்கள் கைபிசைந்து நின்ற நேரத்தில் இதை ஏற்றினார்களாம், ரத்தம் நின்றதாம். போதாதா? அமெரிக்க ராணுவம் ஈராக்குக்கே பெட்டி பெட்டியாகக் கொண்டுபோனது. ஒரு டோஸ் ஏறக்குறைய 6,000 டாலர். ஊரான் வீட்டு நெய்யே!

காயத்தில் வெளிப்படும் திசுக்காரணியோடு கைகோத்தால்தான் இது வேகம் பிடிக்கும், வேறெங்கும் வாலாட்டாது என்பது ஏட்டுக் கணக்கு. ஆனால் கொழுப்பு படிந்த ரத்தக்குழாயிலும் அதே திசுக்காரணி உண்டே! நாற்சந்தியில் ஒரு லாரியை மடக்கச் சொன்னால் ஆம்புலன்ஸையும் சேர்த்து மடக்கும் புதுப் போலீஸ்காரர் மாதிரி, மருந்து இதயத்துக்கும் மூளைக்கும் போகிற பாதையில் ரத்தக்கட்டிகளை நிறுத்தியது. 35 சோதனைகளில் 4,468 பேரை 2010-இல் கூட்டிப் பார்த்தார்கள். அனுமதி இல்லாத உபயோகங்களில் தமனி அடைப்பு, மருந்து பெற்றவர்களில் 5.5 சதவீதம், பெறாதவர்களில் 3.2.

சரி, உயிராவது மிஞ்சியதா? விபத்துக் காயங்களுக்காக நடந்த பெரிய சோதனை 573 பேரோடு பாதியில் நின்றது. நல்ல சிகிச்சையால் சாவு எதிர்பார்த்ததைவிடக் குறைவாம். மருந்தின் மகிமையை நிரூபிக்கப் பிணம் போதவில்லை! 2011-இல், அனுமதியில்லா உபயோகத்துக்கு விளம்பரம் செய்த புகாரைத் தீர்க்க, கம்பெனி 2.5 கோடி டாலர் கட்டியது.

இந்த அமளிக்கெல்லாம் பல பத்தாண்டுகள் முன்பே, 1962-இல், ஜப்பானின் உட்டாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும் டிரனெக்ஸாமிக் அமிலத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். சல்லிசான சரக்கு, உறைந்ததைக் கரையாமல் காப்பது மட்டுமே அதன் வேலை. சல்லிசு என்பதாலோ என்னவோ, காயத்துக்கு அதைச் சோதிக்க யாருக்கும் அவசரமில்லை. 20,211 பேரிடம் சோதித்த முடிவு 2010-இல்தான் வந்தது: சாவு 16 சதவீதத்திலிருந்து 14.5 ஆகக் குறைந்தது, ரத்தக்குழாய் அடைப்பு கூடவில்லை. ஒரே நிபந்தனை, அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். அதைத் தாண்டி ஏற்றியவர்களில், மருந்து பெறாதவர்களைவிட ரத்தப்போக்கால் இறந்தவர்கள் அதிகம்.